நான் மாடிப்படியில் விழவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நலம்தான், அவர் முழுசாக, நான் முக்கால்வாசி. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் இருமல் விட்டதா? மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடது கை உடைந்துவிட்டது என்று போனில் சொன்னேனே, அது பொய். "அவ பயந்துடுவா, வேற ஏதாவது சொல்லு" என்று உன் அப்பாதான் சொல்லச் சொன்னார். பதினேழு நாளாக அது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

லாபம் பார்க்காத ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்படி என்னதான் வேலை என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். உன் பெரிய மாமாகூட, "லாபமே இல்லேன்னா அப்புறம் எதுக்கு ஆபீஸ், வீட்டுலயே சும்மா இருக்கலாமே" என்று சிரிப்பார். மூடிப்போன வங்கி ஒன்று தானமாகக் கொடுத்த நாற்காலிகள், மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் ஓடும் ரத்தம் பிரிக்கும் இயந்திரம், ஒரே கேள்வியை இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் ஒரு வார்த்தை மாறாமல் கேட்பது, இதுதான் எங்கள் வேலை. கணக்குப் போடும் எங்கள் புள்ளியியல்காரரைத் தசமம் என்றுதான் கூப்பிடுவோம், எந்த எண்ணையும் முழுசாக்க விடமாட்டார். ஒரு வாக்கியத்தில் 'காரணம்' என்று போடுவதா 'காரணமாக இருக்கலாம்' என்று போடுவதா என்று நிறுவனத்தை நடத்தும் டாக்டரம்மாவோடு மூன்று வாரம் சண்டை போட்ட மனுஷன்.

இந்த வருஷம் பழைய பேட்டரி உருக்கும் ஆலையைச் சுற்றியுள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே அப்பாக்கள் எல்லாருக்கும் அந்த ஆலையில்தான் வேலை. பிள்ளைக்கு ஊசி குத்த விட்டது தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் அம்மாக்கள் புருஷனுக்கும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழாயில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது ஒரே ஒரு நோட்டில், என் கையெழுத்தில், என் மேஜையில். வெளியே போகாது என்று ஒவ்வொருத்தியிடமும் வாக்குக் கொடுத்தவள் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வேனில் ஒன்பது பேர் வந்தார்கள். வாட்ச்மேனை வாசலிலேயே மண்டையில் அடித்துச் சாய்த்தார்கள், அந்தச் சத்தம் கேட்டதுமே ஆலைக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நோட்டை எடுத்து, ரத்தப் பஞ்சும் பழைய கையுறையும் போடும் சிவப்புத் தொட்டியில் அடியில் செருகிவிட்டேன். டாக்டரம்மா அன்றைக்கு வெளியூர். தசமம் கம்ப்யூட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார், அவர் விரல்களைப் பூட்ஸ் காலால் மிதித்து நசுக்கினார்கள், விலாவில் உதைத்தார்கள், கம்ப்யூட்டரைச் சுவரில் அடித்து நொறுக்கினார்கள். என்னிடம் வந்து, "பேரு எழுதின நோட்டு எங்க?" என்றான் ஒருத்தன். தெரியாது என்றேன். என் கையை மேஜை விளிம்பில் வைத்து இரும்புத் தடியால் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம்தான் முதலில் கேட்டது, வலி அப்புறம் வந்தது. மறுபடி கேட்டான். "எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு, நீங்கதானே உடைச்சீங்க" என்றேன். என் வாயில் இருந்தா அது வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

அதற்குள் இன்னொருத்தன் ஃப்ரிட்ஜைத் திறந்து தட்டுத் தட்டாக இழுத்துத் தரையில் அடித்துக்கொண்டிருந்தான். திரும்பினபோது பார்த்தேன், கழுத்தில் பட்டையாகத் தீக்காயத் தழும்பு. எனக்குத் தெரிந்த கழுத்து. அவன் வீட்டுக்குக் கேள்வி கேட்கப் போனபோது ஆலையில் வெல்டிங் வேலை முடித்து வந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் பெண்டாட்டி வாசலில் நின்று கிசுகிசுப்பாகப் பதில் சொன்னாள். அவர்களுடைய ஆறு வயதுப் பெண் குழந்தைக்குத்தான் அந்தத் தெருவிலேயே ஈயம் அதிகம். அவளுடைய குழாய் அவன் கைக்கு நேராக இரண்டாம் தட்டில் இருக்கிறது. 'உன் பொண்ணு ரத்தம்டா அது' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் ஆலைக்காரன் ஆட்கள் இரண்டு பேர். சொன்னால் அவன் பெண்டாட்டியையும் வீட்டையும் நானே காட்டிக்கொடுத்த மாதிரி. விழுங்கிவிட்டேன்.

சுவரில் மாட்டியிருந்த சின்னத் தீயணைப்பு உருளையை வலது கையால் கழற்றி அவன் காதோடு சேர்த்து அடித்தேன். கண்ணாடித் தூள் மேலேயே விழுந்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். முதல் அடி ஃப்ரிட்ஜுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது அடிக்கு அவசியமே இல்லை, அது கோபம், என் கைக்காக, தசமத்தின் விரலுக்காக, வாட்ச்மேனுக்காக. இப்படி ஒருத்தி எனக்குள் இத்தனை வருஷம் இருந்தாள் என்று எனக்கே தெரியாது. எதிர் டயர் கடைக்காரர்கள் திரண்டு ஓடி வந்ததும் மற்றவர்கள் அவனை அப்படியே போட்டுவிட்டு வேனில் ஏறி ஓடினார்கள், நோட்டு அவர்கள் கையில் சிக்கவில்லை. அவன் காதிலிருந்து வந்த ரத்தமும் பிள்ளைகள் ரத்தமும் தரையில் ஒன்றாக ஓடியது. ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அவன் காதைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தேன். அடித்ததும் நான்தான், அழுத்தினதும் நான்தான்.

வாட்ச்மேன் பிழைத்துக்கொண்டார், இன்னும் பேச்சு குழறுகிறது. தசமத்துக்கு மூன்று விரல் மடங்காது என்கிறார்கள். மிஞ்சிய எண்பத்தொரு குழாயை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, முதலிலிருந்து எடுக்கணும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அடம்பிடிக்கிறார். வெல்டருக்கு வலது காது போனது போனதுதான். அவன் பெண்டாட்டியே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். "நான் யாருன்னு தெரிஞ்சேதான் அடிச்சீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்பவே பொண்ணு விஷயத்தச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றான். "சொல்லியிருந்தா உன் பக்கத்துல நின்னவனுங்களும்தான் கேட்டிருப்பானுங்க" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து, வேன் கொடுத்து அனுப்பியது ஆலை மேற்பார்வையாளர்தான் என்று போலீசில் சொல்லிவிட்டான். மேற்பார்வையாளர் உள்ளே இருக்கிறார், முதலாளியை இன்னும் யாரும் தொடவில்லை. குழந்தைக்கு வைத்தியம் ஆரம்பித்தாகிவிட்டது. அம்மாக்களில் நாற்பது பேர் திரும்ப வந்திருக்கிறார்கள், இந்தத் தடவை பட்டப்பகலில் முன்வாசல் வழியாக. மற்றவர்கள் வருவார்களா தெரியாது.

இன்ஸ்பெக்டர் எத்தனை தடவை அடித்தீர்கள் என்று கேட்டார். இரண்டு என்றேன். ஒன்று என்று சொல்லியிருந்தால் தற்காப்பு என்று முடிந்திருக்குமாம், உன் பெரிய மாமா தலையில் அடித்துக்கொள்கிறார். என் மேலும் வழக்கு வரும். உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தலை வாரிப் பின்னிவிட்டார். ஒற்றைக் கையால் பின்ன முடியாதே. ஒரு பக்கம் கோணல், ஆனாலும் அப்படியே வேலைக்குப் போனேன்.

டிக்கெட் அனுப்புகிறேன், வேலையை விட்டுவிட்டு வா என்று நீ சொல்வாய், அனுப்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, வழக்கு நடக்கும்போது நீ வருவதானால் வா, ஆனால் என் பக்கம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வராதே. பின் வரிசையில் உட்கார்ந்து, அந்த வெல்டர் சொல்வதையும் முழுசாகக் கேள்.

என்றும் உன் நினைவில்,
உன் அம்மா