டார்ச் வெடிக்கிறது

அம்மாவுக்கு வணக்கம். முட்டி வலி தேவலையா? மாத்திரையை மிச்சம் பிடிக்கப் பாதியாக உடைத்துப் போடாதே.

என்னை இங்கே கேஸ் வெல்டிங்கில் போட்டிருக்கிறார்கள். தீ கக்கும் என் டார்ச் பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டே இருந்தது. "இரும்புகிட்ட ரகசியமா பேசுற? தள்ளிப் புடிடா!" என்றார் ஃபோர்மேன். தள்ளிப் பிடித்தேன், கேஸைக் கூட்டினேன், நிற்கவில்லை. அணைத்துப் பார்த்தால் முனைத் துளையில் கசடு. குத்திச் சுத்தம் செய்ய ஊசி கேட்டேன். "எல்லாம் தீர்ந்துபோச்சு. சமாளி." சமாளித்தேன். தீ பின்பக்கமாக கேஸ் வரும் ரப்பர் குழாய்க்குள் சீறியது, வால்வை மூடிவிட்டேன். தீ திரும்பாமல் தடுக்கக் குழாயில் ஒரு கருவி மாட்ட வேண்டுமாம். செலவென்று யாருக்கும் மாட்டவில்லை. ஓடிவந்த மேனேஜர் முதலில் குழாயைப் பார்த்தார், பிறகுதான் என்னை.

எனக்குப் பயமோ கோபமோ வரவில்லை. மதியம் சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. நாளைக்கும் அதே டார்ச்தான்.

பருத்தியில் முழுக்கைச் சட்டை இரண்டு தைத்து அனுப்பு. இங்கே கொடுப்பது நைலான், சூடு பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. சங்கு ஊதிவிட்டது, கிளம்புகிறேன். தையல்காரரிடம் வலது கையை மட்டும் தளர்வாக வைக்கச் சொல். கட்டுக்கு மேல் போட வேண்டும்.

உன் சின்னவன்