ஏழாம் அத்தியாயம்

14 மார்ச் 1952, வெள்ளி

எங்கள் மாதப் பத்திரிகைக்காக இன்று அந்த அம்மாளைப் பேட்டி கண்டேன். கன்னடத்தில் எழுதுகிறவர். வீட்டுப் பேச்சு மேல்கோட்டை ஐயங்கார் தமிழ். மைசூரில் அவரைப் போல யோசிக்கிறவர் கிடையாது என்கிறார்கள்.

"அம்மா, உங்க புஸ்தகத்துல ஏழாம் அத்தியாயம் என்னை உலுக்கிடுச்சு" என்று ஆரம்பித்தேன். மதிப்புரையில் யாரோ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன், வெட்கங்கெட்டவன்.

"அப்படியா? எந்த இடம்? காட்டுங்கோ" என்று என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார்.

அச்சகத்தில் தாள்களின் ஓரத்தை வெட்டாமலே தைத்திருந்தார்கள். படிப்பவர்தான் மடிப்பைக் கிழித்துத் திறக்க வேண்டும். நான் முன்னுரைக்கு மேல் கிழிக்கவில்லை.

அவர் கொண்டை ஊசியை உருவி, ஒவ்வொரு மடிப்பாகக் கிழித்துக்கொண்டே என் கேள்விகள் அத்தனைக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது, "ஆயிடுத்து. இனிமே படிக்கலாம்" என்று புத்தகத்தைத் திருப்பித் தந்தார்.

தேவராஜ மார்க்கெட்டைக் கடந்து வந்தும், மனைவி வாங்கிவரச் சொன்ன காய்கறி நினைவுக்கு வரவில்லை.

இப்போதுதான் ஏழாம் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். உண்மையாகவே உலுக்கிவிட்டது. இனி எந்த முகத்தோடு போய் அவரிடம் அதைச் சொல்வேன்?