கொட்டாங்குச்சியில் தக்காளி

மயிலாப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

பூங்கொடியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். கொசு, ஜுரம் என்று போனில் சொன்னால் பயப்படுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

தொட்டி வாங்காமல், மெஸ்ஸில் தூக்கிப்போட்ட கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்பி, மொட்டை மாடியில் தக்காளி விதை போட்டிருந்தேன். மழையில் எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கிவிட்டது. கொசு ஒழிப்புக்கு வீடுவீடாக வரும் கோவிந்தம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கொசுவுக்கு வூடு கட்டிக் குடுத்துக்கினு கீறியா?" என்று அத்தனையையும் கவிழ்த்துவிட்டார். பிறகு, "உனுக்கு ஜுரம் எதுனா கீதா?" என்றார். இல்லை என்றேன். இந்த ஊரில் என் உடம்பை விசாரித்த முதல் ஆள் அவர்தான்.

வழவழவென்று அழகாக இருக்கிறதே என்று, தேங்காயின் கண் இல்லாத பாதிகளை எடுத்தது என் தப்பு. இப்போது கண் உள்ள பாதிகளையே பொறுக்கி, கண்ணில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டேன். தண்ணீர் நிற்பதில்லை, முளையும் வந்துவிட்டது!

கொஞ்சம் மிளகாய் விதை அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் உங்கள் கையாலேயே என் பெயரை எழுதுங்கள்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. கோவிந்தம்மா வாரா வாரம் வருவார். அவருக்கென்று ஒரு நாற்று எடுத்து வைத்திருக்கிறேன். அதை வாங்கிக்கொள்ளவாவது கொஞ்ச நேரம் உட்காருவார் இல்லையா, அப்பா?

உங்கள்
பூங்கொடி