அடைத்த கதவு

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

உங்கள் கம்பெனியின் புது ஹெலிகாப்டர் போன வாரம் எங்கள் மலை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. அதன் முதல் மாதிரியை ஓட்டிப் பார்த்தவள் நான். வாலுக்குக் கீழே அகலமான இரட்டைக் கதவு. திறந்தால் ஸ்ட்ரெச்சர் நேராக உள்ளே போகும். அதை வரைந்தவன் நீ. "அக்கா, நோயாளியை அசைக்கவே வேண்டாம், அப்படியே தள்ளிடலாம்!" என்று குதித்தாயே! மருந்து கொண்டுபோக, காட்டுத்தீயில் தண்ணீர் கொட்ட, மின்கம்பி பார்க்க, எல்லாவற்றுக்கும் ஏழை ஊர்கூட வாங்கக்கூடிய ஒரே சின்ன வண்டி என்றாயே!

வந்திருப்பதில் அந்தக் கதவே இல்லை. அடைத்துவிட்டுப் பெட்டி வைக்க இடம் செய்திருக்கிறார்கள். முன்னால் தோல் இருக்கைகள், கல்யாண வீட்டு சோபா மாதிரி.

நேற்று ஒரு லைன்மேன் கம்பத்திலிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. பக்கக் கதவு வழியாக, ஸ்ட்ரெச்சரைச் சாய்த்து, திருப்பித்தான் ஏற்ற முடிந்தது. "சாய்க்காதீங்கம்மா, சாய்க்காதீங்க" என்று அவர் கத்தினார். எனக்கு வயிறு எரிகிறது. யார் அடைத்தது அந்தக் கதவை? பதில் எழுது.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது காது சுட்டது.

உன் கோபம் நியாயம். என்மேல் பாய்வது நியாயமில்லை. வாங்க வருகிறவர்கள் அமைச்சர்களும் சுரங்க முதலாளிகளும்தானாம். "நோயாளியா வந்து காசு கொடுத்து வாங்கப் போறான்?" என்று, கதவை அடைக்கச் சொன்ன விற்பனை மேலாளர் கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து சண்டை போட்டேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குப் பெயரே 'கதவு'தான்.

இன்னும் விடவில்லை. புதிதாக வந்திருக்கும் தலைமைப் பொறியாளர் காது கொடுத்துக் கேட்கிறார். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் வண்டிகளுக்காவது பழைய கதவைத் திரும்ப வைக்க ஏறக்குறைய சம்மதித்துவிட்டார். கொஞ்சம் பொறு. பத்திரிகை, புகார் என்று கிளம்பிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

பொறு, பொறு என்கிறாய். யாரிடம் போய்ப் பொறுக்கச் சொல்லட்டும்?

கோடை மழையில் இங்கே ஆறு பெருகி வெள்ளம். அதை மேலேயிருந்து பார்க்க வேண்டுமென்று போன வாரம் அமைச்சர் வந்தார். எங்கள் வண்டிதான் அவருக்குப் பிடித்ததாம், இருக்கை சொகுசு. அவர் ஏறப்போகிற நேரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை என்று வயர்லெஸ்ஸில் சேதி. கூட வந்த அதிகாரி, "ஐயா ஒரு சுத்து சுத்திட்டு வந்திடட்டுமே" என்றார். நானும் மெக்கானிக்கும் அந்தச் சோபாக்களைக் கழற்றிச் சேற்றில் வைத்தோம். நான் கிளம்பிவிட்டேன். அந்தப் பெண்ணை வண்டியின் வெறும் தரையில் கிடத்திக் கொண்டுவந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள்.

இறங்கினால், அமைச்சருக்காக வந்த பத்திரிகைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சொன்னேன். "என் தம்பி வரைஞ்ச கதவை அவன் கம்பெனியே அடைச்சிடுச்சு" என்று சொன்னேன். பொய்யா?

என்னைப் பறக்கக் கூடாதென்று நிறுத்திவிட்டார்கள். விசாரணையாம். போகட்டும். லைன்மேனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விழுந்ததாலா, நாங்கள் சாய்த்ததாலா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. அவர் மனைவி என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

அக்கா

மே 9

அக்காவுக்கு,

உன் பேட்டியைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். பிறகு என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். அந்தக் கதவு ஆபத்தானது, அதனால்தான் நீக்கினோம், என் அக்கா விவரம் தெரியாமல் பேசிவிட்டாள் என்று எழுதியிருந்தது. கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. வேலை போய்விட்டது.

இதைப் படித்ததும் உனக்குப் பெருமையாக இருக்கும். இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வண்டிகளுக்கான கதவுக்கு அந்த வாரம்தான் அனுமதி வர இருந்தது. உன் பேட்டி வந்ததும் தலைமைப் பொறியாளர் பயந்து பின்வாங்கிவிட்டார். இப்போது கதவும் இல்லை, அதற்காகச் சண்டை போட உள்ளே ஆளும் இல்லை. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? நீ சொன்னது உண்மைதான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை இழுத்துத் தெருவில் நிறுத்தினாய். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வியாழக்கிழமை உன் விசாரணை என்று அத்தான் சொன்னார். சாட்சி சொல்ல வருகிறேன். கதவை ஏன் அடைத்தார்கள், கூட்டத்தில் யார் என்ன சொல்லிச் சிரித்தார்கள், எல்லாவற்றையும் சொல்வேன். உனக்காக இல்லை. அந்த லைன்மேனுக்காக.

உன் வீட்டில் தங்க மாட்டேன், அறை எடுத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. வந்தாலும் என்னிடம் பேசாதே.

தம்பி