இரவல் நாற்காலி

மேரு, கிள்ளான்
10.6.1988

பிள்ளைங்க அப்பாவுக்கு,

வேலாயுதம் அண்ணன் ஞாயித்துக்கிழமை உங்க வார்டுக்கு வராரு. இந்தக் கடிதத்தையும் ரெண்டு கைலியையும் அவருகிட்ட கொடுத்து விடுறேன். இருமல் குறைஞ்சிருக்கா? நர்ஸ் மிஸ்ஸி கண்ணு முன்னாலேயே மாத்திரை முழுங்கச் சொல்றாங்கன்னு கோபப்படாதீங்க.

பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறாங்க. எனக்கு கையுறை ஃபேக்டரியில இந்த வாரமும் ஓவர்டைம்தான்.

உதவிப் பணம் என்னாச்சுன்னு கேட்டு விட்டிருந்தீங்க. டிபி நோயாளிங்களுக்கு உதவுற சங்கத்திலேருந்து ஒரு அம்மா வீட்டைப் பார்க்க வந்தாங்க. பெரிய மனுஷி வராங்களேன்னு வீட்டைக் கழுவி, பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி அக்காகிட்ட குஷன் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டேன். தீபாவளிச் சேலையைக் கட்டிக்கிட்டு, மைலோ கலக்கி, பிஸ்கட்டும் வச்சேன். "வீடு நல்லா இருக்கு லா"ன்னு சிரிச்சுப் பேசிட்டுத்தான் போனாங்க.

போன வாரம் பதில் வந்துச்சு. வசதியான குடும்பமாம், உதவி கிடையாதாம். எனக்குக் கோபம்கூட வரல, அலுப்பாதான் இருக்கு.

இதுக்காக லோரி ஓட்டணும்னு எழுந்து வந்துடாதீங்க. மருந்தைப் பாதியில விட்டுட்டு வேலைக்கு வந்த உங்க தம்பி என்ன ஆனாருன்னு நீங்கதான் பார்த்தீங்க.

மறுபடி மனு போட்டிருக்கேன். இன்னிக்கு மத்தியானம் திரும்ப வராங்க. "நாற்காலி தரமாட்டேன், நீ வீட்டையும் கூட்டாதே"ன்னு அக்கா கண்டிச்சுச் சொல்லிட்டாங்க. காலையிலேருந்து விளக்கமாறு பக்கமே திரும்பாம உட்கார்ந்திருந்தேன்.

முடியலைங்க. கூட்டி முடிச்சிட்டுத்தான் இதை எழுதுறேன்.

இப்படிக்கு,
பிள்ளைங்க அம்மா