விழுங்க வேண்டிய எழுத்துகள்

அன்புள்ள மகனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், நீங்கள் மூவரும் அப்படியே இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்காமல் நீ செய்தது தவறு. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பிரெஞ்சு இனி நாக்கில் வராது, பிரான்சுக்கு வந்து உங்களோடு இருப்பதற்கான மொழித் தேர்வு மூன்றாம் முறை வேண்டாம் என்று தூதரகத்துக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். நகல் நேற்று எனக்கு வந்தது. இரண்டு முறை தோற்றவன் நான், போதும் என்று சொல்ல வேண்டியவனும் நான்தான்.

வராது என்பது எனக்கும் தெரியும். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன், வரி முடிகிற இடத்தில் சொல்லை எங்கே வெட்டலாம் என்று பார்த்தே பழகிய கண். பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, யார் சொல்லிக்கொடுத்தும் இல்லை, பிரெஞ்சு வினைச்சொற்களை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் அசை அசையாகப் பிரித்து எழுதினேன். எழுத்துத் தேர்வில் ஒரு பிழை கிடையாது. வாய்மொழியில்தான் விழுந்தேன். ‘அவர்கள் முடிக்கிறார்கள்’ என்பதற்கு ஃபி-நிஸ்-சென்ட் என்று மூன்று அசையும் நிறுத்திச் சொன்னதும் தேர்வு வைத்த அம்மாள் பேனாவை மூடிவிட்டாள். ஃபினிஸ் என்று இரண்டோடு நிறுத்த வேண்டுமாம், கடைசி மூன்று எழுத்தும் பார்க்க மட்டும்தானாம். ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி வைத்தவனிடம், வைத்ததைப் படிக்காதே என்றால்? தெரிந்தே இரண்டாம் முறையும் அப்படியேதான் சொன்னேன். பிடிவாதக்காரன் என்று எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன், வயதானவன் என்று எழுதினாய்.

உன் அம்மாவுக்குத் தன் பெயரைத் தாண்டி எழுதத் தெரியாது. அங்கே உன்னிடம் வந்த பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் படுத்து, நர்சின் வாயைப் பார்த்தே மொழித் தேர்வில் முதல் முறையில் தேறிவிட்டாள். மாத்திரை மாதிரி முழுங்குங்க, கடைசி எழுத்தை எதுக்கு மென்னுக்கிட்டு இருக்கீங்க என்று போனில் சிரிப்பாள். போன வாரம் சிரிக்கவில்லை. நீங்க வரலைன்னா நான் கிளம்பி வந்துடறேன் என்றாள். இங்கே அவளுக்கு வாரத்துக்கு ஒரு நாள்கூட இயந்திரம் கிடைக்காமல் கால் வீங்கிக் கிடந்ததை நீயும் பார்த்தாய்.

நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். மருமகளுக்கு என் ஆசி. இருபதாம் தேதிக்குள் அந்தக் கடிதத்தை நீ திரும்பப் பெற வேண்டும், மறக்காதே. மருமகள் தினமும் பத்து வினைச்சொல் குரலில் பதிந்து அனுப்ப வேண்டும், எனக்காக மெதுவாக்க வேண்டாம். நான் தாள்களைப் பரண்மேல் போட்டுவிட்டுக் காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். தேறுவேன் என்ற நம்பிக்கை இல்லை, ஆனாலும் போய் உட்காருவேன். மூன்றாம் முறையும் விழுந்தால் உன் அம்மா அந்த நாற்காலியை விட்டு வரக் கூடாது. அதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் இரண்டு முறை போனில் ஆரம்பித்துப் பாதியில் வைத்துவிட்டேன்.

அப்பா