நாவலில் வில்லனாகிப்போன டாக்டருக்கு

டாக்டர்,

இன்று காலை உக்கடம் பழைய புத்தகக் கடையில் என் முதல் நாவல் கண்ணில் பட்டது. முதல் பக்கத்தில் யாரோ ஒரு வாசகர் பேனாவால் எழுதி வைத்திருந்தார்: "மயக்க ஊசி டாக்டரை நம்பாதே!" கடைக்காரர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். அப்புறம் உங்கள் நினைவு வந்தது; அதை விலை கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் அது வெளிவந்தபோது பாராட்டுக் கடிதங்கள் குவியுமென்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தன, கொஞ்சம். முழுப் பலனையும் அனுபவித்தது நீங்கள்தான். ஆபரேஷன் மேஜையில் மயக்க மருந்து கொடுத்தே ஆளைத் தீர்க்கும் டாக்டர் என் வில்லன். மருந்து விவரமெல்லாம் பக்கத்து வீட்டில் இருந்த மயக்க மருந்து டாக்டரான நீங்கள் காம்பவுண்டு சுவரில் சாய்ந்து சொன்னவை. முன்னுரையில் உங்கள் பெயரைப் போட்டு நன்றி வேறு சொல்லியிருந்தேனா, வாசகர்கள் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் சந்தேகப்பட்டாலும் மரியாதையோடுதான் படுவார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டர், ஊசி மட்டும் வேற ஆரையாச்சும் போடச் சொல்லுங்க."

சோமனூரில் தறி ஓட்டும் ஓர் அம்மா, பித்தப்பைக் கல்லோடு துடித்தவர், ஊசி போடுவது நீங்கள் என்று தெரிந்ததும் ஆபரேஷனே வேண்டாமென்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பப் பார்த்தார். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் கோபிக்கவில்லை; நேரே என்னிடம் வந்தீர்கள்.

"ஏனுங்க அம்மணி, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. எழுதுனவங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க."

வந்தேன். எல்லாம் கற்பனை என்றேன். அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"அப்ப நீங்க இவருகிட்ட ஊசி போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்குவேனுங்க. எங்க ஊட்டுல ஆருக்குன்னாலும் இவருதானுங்க."

"செரி. நான் கண்ணு முழிக்கற வரைக்கும் வெளிய உக்காந்திருங்க."

உட்கார்ந்திருந்தேன். அவர் நல்லபடியாகக் கண் விழித்தார். அதைச் சொல்ல வெளியே வந்த உங்களிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அட, விடுங்க அம்மணி. இத்தன வருசத்துல எம்பேர ஒருத்தரும் கேட்டதில்லீங்க. ஆபரேசன் பண்றவரு பேருதான் எல்லாத்துக்கும் தெரியும். நான் வாரப்ப பயத்துல இருப்பாங்க, போறப்ப தூங்கிட்டிருப்பாங்க. உங்க புஸ்தகம் வந்தப்பறந்தான் ஊசி போடறது ஆருன்னு கேக்கறாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. என் புத்தகத்துக்கு வந்த விமர்சனங்களில் என்னை அழவைத்தது அது ஒன்றுதான்.

இப்போதெல்லாம் வேண்டியவர்கள் யாருக்கு ஆபரேஷன் என்றாலும், மயக்க ஊசி போடும் டாக்டரைத் தேடிப்போய்ப் பெயர் கேட்கிறேன். முதலில் திகைக்கிறார்கள். பிறகு முகம் மலர்ந்து சொல்கிறார்கள். பதிலுக்கு நான் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வருகிறேன்.